வெயிலில் பார்க்க வேண்டிய கல்

மார்ச் 4

சின்னவளுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு கிழித்துப் போட்டுவிடாதே. உனக்கும் எனக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். இது உன் அண்ணன் விஷயம்.

போனில் பேசலாம்தான். நாம் போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடும். தவிர, அவர் கல் வெட்டும் பட்டறையில் இருந்தாலும் காது வீட்டுக்குள்தான் இருக்கும்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் புத்தி. இரண்டில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. ரொம்ப நாளாக உள்ளங்கை அளவு எரிமலைக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார். தேய்ப்பார், மெருகு போடுவார், என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தி, "இதுல என்ன தெரியுது, பார்த்துச் சொல்லு" என்பார். கறுப்பு என்பேன். "வளையம் தெரியலையா? பச்சை, ஊதா, நடுவுல தங்கம்?" என்பார். கறுப்பு என்று மறுபடி சொல்வேன். முகம் தொங்கிப்போய் உள்ளே போவார். மறுநாள் அதையே வேறு மாதிரி சாய்த்துத் தேய்த்துக்கொண்டு வந்து நிற்பார்.

உனக்கே தெரியும், எங்கள் பட்டறையில் கடைசிப் பார்வை என்னுடையது. அவர் வெட்டுவார், நான் விளிம்பையும் மெருகையும் பார்த்துப் பெட்டியில் வைப்பேன். என்னைத் தாண்டி ஒரு கீறல் வெளியே போனதில்லை. எனக்குத் தெரியாத நிறம் அவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

இதோடு முடிந்தால் பரவாயில்லை. விரல் முழுக்க வெட்டு. கையைப் பிடித்தால் பிளாஸ்திரிதான் தட்டுப்படுகிறது. டம்ளரை வைத்த இடத்தில் வைப்பதில்லை. நான் டீ ஊற்றினால் பாதி மேஜைக்குப் போகிறது. பட்டறையில் பல்பை மாற்றி மாற்றிப் போடுகிறார், ஒவ்வொன்றும் முன்னதைவிட மோசம், சுற்றிலும் புகை மூட்டமாகத்தான் எரிகிறது.

மே மாதம் கப்பலில் ஒரு பெரிய பாறை வருகிறது. அதே எரிமலைக் கண்ணாடி, வானவில் ரகம். அவர் ஆயுசில் அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. முதல் வெட்டு திசை தவறினால் மொத்தமும் வெறும் கறுப்புக் கண்ணாடி, ஒட்டவைக்க முடியாது. இந்த நிலைமையில் அவரை எப்படி வெட்டுச் சக்கரத்தின் முன்னால் உட்காரவைப்பது? பக்கத்துப் பட்டறை மெஷின்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீ சொன்னால் கேட்பார். நீ அந்தக் கல்லோடே காலம் தள்ளுகிறவள்.

பதிலைக் கொஞ்சம் பெரிதாக எழுது. உன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். காகிதத்துக்கு அவ்வளவு பஞ்சமா?

உன் அண்ணி


மார்ச் 13

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமனுக்குத் தடிப் பேனாவில், பக்கத்துக்கு ஆறு வரி. கடிதத்தில்கூடக் கத்த வேண்டுமா? படித்து முடித்தபோது எனக்குக் காது வலித்தது. என் எழுத்து சின்னதுதான். நான் மெதுவாகப் பேசுகிறவள்.

ஏன் பேச்சு இல்லை என்று தெரியாது என்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உங்களைத் திகைக்கவைக்கலாம் என்று உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். நீங்கள் காய்கறிப் பையோடு எதிரே வந்தீர்கள். கையை ஆட்டினேன். என் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, கண்டும் காணாதது போல் தாண்டிப் போனீர்கள். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிட்டேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

சரி, அண்ணன் விஷயம். நீங்கள் எழுதியதைப் படித்தால் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அந்தக் கல்லில் இல்லாத ரகமில்லை. வெள்ளைப் பூ விழுந்தது உண்டு, செம்மண் நிறம் ஓடியது உண்டு, தங்கப் பொடி மினுங்குவது உண்டு. வளையம் தெரிகிற ரகமும் உண்டு, ஆனால் நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் எனக்கு வருவதெல்லாம் ஆதிமனிதர் உடைத்துப் போட்ட கத்திகளும் அம்பு முனைகளும்தான். அதிலிருந்து ஒரு சீவல் எடுத்து, வயது எவ்வளவு, எந்த மலையில் பிறந்தது என்று பார்த்துச் சொல்வேன். அழகு பார்ப்பது என் வேலை இல்லை.

போலியாகவும் இருக்கலாம். பாட்டில் கண்ணாடியை உருக்கி ஊற்றி எரிமலைக் கண்ணாடி என்று விற்கிறார்கள். அண்ணன் ஏமாந்திருந்தால் அதுவும் ஒரு சேதிதான். அனுப்பிவையுங்கள், பார்க்கிறேன். விளிம்பில் துணி சுற்றி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 22

சின்னவளுக்கு,

கல்லை அனுப்பியிருக்கிறேன். அவர் பழைய சட்டையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன். உனக்கு அனுப்புகிறேன் என்றதும் அவரே எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அவர் முகத்தில் இருப்பது எதுவுமே எனக்குத் தெரிவதில்லை.

பஸ் ஸ்டாண்டில் உன்னை நான் பார்த்தேனா? சத்தியமாக இல்லை. வேறு எவளையோ பார்த்து அண்ணி என்று நினைத்துக் கையை ஆட்டியிருக்கிறாய். அவள் பயந்துபோய் நடையைக் கட்டியிருப்பாள். அதற்கு ஒரு வருஷக் கோபமா? அண்ணன் இல்லாத நிறத்தைப் பார்க்கிறார், தங்கை இல்லாத அண்ணியைப் பார்க்கிறாள். உங்கள் குடும்பத்துக்கே கண்ணில் கோளாறா?

கோபத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனசு வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

போன வாரம் மானம் போயிற்று. ஒரு பெண் வாங்கிப் போன தொங்கட்டான் அவள் காதைக் கிழித்துவிட்டது. அவளுக்கே தெரியவில்லை, தோள் நனைந்த பிறகுதான் தொட்டுப் பார்த்திருக்கிறாள். இந்தக் கண்ணாடி அப்படித்தானே, வெட்டும்போது வலிக்காது. அதைப் பார்த்து அனுப்பியது நான். என் கண்ணுக்கு விளிம்பு வழவழ என்றுதான் தெரிந்தது. அவள் வந்து நின்றதும் உன் அண்ணன் முந்திக்கொண்டு, தன் தப்பு, தான்தான் சரியாகத் தேய்க்கவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். பார், தன் கை போய்விட்டது என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

சீக்கிரம் பார்த்துச் சொல். கறுப்பு என்றால் கறுப்பு என்று எழுது. அவருக்காக மழுப்பாதே.

உன் அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

கல் நிஜமானது. உருண்டையான காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லை, பாட்டில் கண்ணாடி இல்லை. எரிமலைக் குழம்பு படிகம் கட்ட நேரமில்லாமல் சட்டென்று ஆறிய அசல் சரக்கு. மெலிந்த ஓரத்தை விளக்குக்கு முன் பிடித்தால் கறுப்பு கலைந்து புகை நிறமாக ஒளி ஊடுருவுகிறது. அதுவும் சரி.

ஆனால் வளையம் இல்லை. எங்கள் அறையில் ஜன்னல் கிடையாது, கூரை முழுக்க டியூப்லைட்தான், பகலைவிட வெளிச்சம். மேலே பிடித்தேன், கீழே பிடித்தேன், உருப்பெருக்கியின் கீழும் வைத்தேன். பக்கத்து மேஜை அம்மாவிடம் காட்டினேன். கூரை விளக்குகள் பால் கொட்டினாற்போல் பிரதிபலித்தன, மற்றபடி கறுப்பு. பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை.

எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. மெருகு அப்பழுக்கில்லாமல் இருக்கிறது. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன், ஓரிடத்திலும் பிடிக்கவில்லை. கண் போனவர் கையிலிருந்து இப்படி ஒரு வேலை வருமா? புத்தி போனவருக்கு இவ்வளவு பொறுமை இருக்குமா? யோசித்து யோசித்து எனக்கே குழம்பிவிட்டது.

ஆனாலும் இல்லாததை இருக்கிறது என்கிறவரை அந்தப் பாறைக்கு முன் உட்காரவைக்க வேண்டாம் என்றுதான் எனக்கும் படுகிறது. மெஷின்காரரிடமே கொடுத்துவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கண் டாக்டரிடமும் கூட்டிப் போங்கள்.

உங்கள் நாத்தனார்

பி.கு. இந்த முறை முடிந்த அளவு பெரிதாக எழுதியிருக்கிறேன்.


ஏப்ரல் 11

சின்னவளுக்கு,

பெரிதாக எழுதியது புண்ணியமாகப் போயிற்று, ஜன்னலுக்கு ஓடாமல் படித்தேன். படித்துவிட்டு அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சண்டை போடுவார் என்று பார்த்தேன். பட்டறைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டார். அவ்வளவுதான்.

சக்கரத்துக்குத் துணி போட்டு மூடியாயிற்று. இப்போது பாத்திரம் கழுவுகிறார், வாசல் பெருக்குகிறார். நான் எங்கே நடந்தாலும் நாற்காலியை நகர்த்திவிடுகிறார். எனக்கு அழுகை வருகிறது. நான் கேட்டது இதுதானே, கிடைத்தும் விட்டது, அப்புறம் ஏன் அழுகிறேன் என்று விளங்கவில்லை.

கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். "நீயும் காட்டுறதா இருந்தா வர்றேன்" என்றார். எனக்கெதற்கு? பேச்சை விட்டுவிட்டேன்.

இன்னொரு கூத்து. சில்லறை வேலைகளை மெஷின்காரர் வெட்டித் தருகிறார், நான் வழக்கம்போல் பார்த்து அனுப்புகிறேன். ஒன்றுவிடாமல் திரும்பி வருகிறது. வெள்ளைப்பூ ரகத்தில் கீறல் விழுந்திருக்கிறதாம், செம்மண் ரகத்தில் விளிம்பு உடைந்திருக்கிறதாம். நான் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மெஷின்காரர், "நீங்க பார்த்துத்தானம்மா அனுப்புனீங்க?" என்று கேட்கிறார். அந்த ஆளின் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. உன் அண்ணன் வெட்டித் தந்தவரை ஒரு தொங்கட்டான்தான் திரும்பி வந்தது. கை போனவரிடம் வராதது கை இருக்கிறவரிடம் ஏன் வருகிறது? யாரைக் கேட்பது?

சொல்ல மறந்தேன். உன் அண்ணன் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று சொன்னார். "அவளை அந்தக் கல்லை வெயில்ல பார்க்கச் சொல்லு. டியூப்லைட்ல இல்ல, வெயில்ல." இன்னும் அந்தக் கல்லை விடவில்லை பார்.

உன் அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

முதலில் உட்காருங்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கல்லை எடுத்துக்கொண்டு வாசல் படிக்கட்டுக்குப் போனேன். வெயில் பட்டதும் கல் திறந்துகொண்டது. வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. விளிம்பில் ஊதா, அதற்குள் பச்சை, அதற்குள் சிவப்பு, நடுவில் தங்கம், வளையம் வளையமாக. ஓரத்து நிழலுக்கு நகர்ந்தேன், கறுப்பு. திரும்ப வெயிலுக்கு வந்தேன், வளையம். வாசலில் நிற்கும் காவலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்னம்மா இது, மயில் மாதிரி இருக்கு" என்றார்.

புத்தகத்தைப் புரட்டினேன். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்கள் படலம் படலமாக உள்ளே படிந்திருக்குமாம். அந்தப் படலத்தின் போக்கு அறிந்து வெட்டினால், ஒரே பக்கமிருந்து விழுகிற வெளிச்சத்தில் நிறம் எழும். நாலு பக்கமும் டியூப்லைட் போட்டால் ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷம் இந்தக் கல்லோடு இருந்தும் வெயிலுக்குக் கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லையே. அண்ணன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியது என் கடிதம்.

அண்ணன் கண்ணில் பழுதில்லை. புத்தியிலும் இல்லை. ஆனால் அவர் உங்களையும் வெயிலில்தானே நிறுத்திக் காட்டினார்? அதே வெயில், அதே கல். காவலருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதங்களை மேஜைமேல் பரப்பி வைத்தேன். கட்டைவிரல் பருமன் எழுத்து. எறும்பு ஊர்கிறது என்ற புகார். புகை மூட்டமாக எரிகிற பல்பு. மேஜைக்குப் போகிற டீ. என் முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத் தாண்டிப் போன பஸ் ஸ்டாண்ட். நீங்கள் கத்துகிறீர்கள் என்று நினைத்தேன் அண்ணி. நீங்கள் கத்தவே இல்லை, இல்லையா?

கோளாறு உங்கள் கண்ணில். தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள். கண்புரையாக இருந்தால் சின்ன வேலைதான்.

உங்கள் சின்னவள்


ஏப்ரல் 27

சின்னவளுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. வயதானால் எல்லாருக்கும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஒரு கல்லில் நிறம் தெரியாததற்கு ஆஸ்பத்திரியா? என் அப்பா கண் ஆஸ்பத்திரிக்குத் தானாக நடந்து போனார். திரும்பும்போது நான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அதற்கப்புறம் கடைசிவரை அந்தக் கையை விட முடியவில்லை. உனக்கு அது தெரியாது. சின்ன வேலை என்று எழுதிவிட்டாய்.

பட்டறையில் என் பங்கு பார்ப்பது ஒன்றுதான். அதுவும் இல்லை என்றால் நான் அங்கே யார்?

உன் கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை. ஆனால் கேட்டேன். அந்தக் கல்லை என்னத்துக்கு அத்தனை நாள் என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள் என்று கேட்டேன். கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னார்:

"உனக்குச் சரியாத் தெரியலைங்கிறது எனக்குத் தெரியும். எவ்வளவு தெரியலைங்கிறதுதான் தெரியல. கேட்டா சண்டைக்கு வருவ. அதான், வளையத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிக் காட்டினேன். ஏதாவது ஒரு நாள் தெரியுதுன்னு சொல்லிட மாட்டியான்னு."

நான் போய்ப் படுத்துக்கொண்டேன். உன்மேலும் கோபம், அவர்மேலும் கோபம். யார்மேல் நிஜமாகக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணி


மே 5

அண்ணி,

உங்கள் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சின்ன வேலை என்று எழுதியிருக்க மாட்டேன்.

கல்லைத் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கண்ணாடியை உடைத்தால், புதிதாகத் திறந்த முகம் அன்றிலிருந்தே காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தொடங்கும். அந்த ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்துதான் எந்தக் காலத்தில் உடைந்தது என்று சொல்கிறோம். நாம் இரண்டு பேரும் ஒரு வருஷத்தை அப்படிக் குடித்துவிட்டோம். இதற்கு மேல் வேண்டாம்.

அண்ணனோடு போங்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். திரும்பும்போது யார் கையை யார் பிடிப்பது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் சின்னவள்


ஜூன் 16

சின்னவளுக்கு,

எழுத்து சின்னதாக இருக்கிறதா? எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் சொல், இன்னும் சின்னதாக்குகிறேன்.

ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றதில் அடுத்த மாதம். உன் அண்ணன் டாக்டரிடம், "கத்தி எதால செஞ்சது சார், கண்ணாடியா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார். எரிமலைக் கண்ணாடியில் எஃகைவிட மெல்லிய முனை வரும், ஆனால் துளி உடைந்தாலும் உள்ளே தங்கிவிடும் என்று பாடம் வேறு எடுத்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே தங்களிடம் இருப்பது எஃகுக் கத்திதான் என்றார். அதன் பிறகுதான் உன் அண்ணன் என்னை உள்ளே விட்டார்.

பாறை வந்து மூன்று வாரமாக முற்றத்தில் கிடந்தது. மெஷின்காரர் நடையாய் நடந்தார். உன் அண்ணன், தன் வீட்டுக்காரி பார்த்துச் சொல்லாமல் ஒருத்தரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நேற்று டாக்டர் சரி என்றதும் பாறையை வெயிலில் உருட்டி, தண்ணீர் ஊற்றினோம். நான் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு பக்கம் கறுப்பு, இன்னொரு பக்கமும் கறுப்பு. குனிந்து பக்கவாட்டில் பார்த்தபோது ஒரு ஊதாக் கோடு ஓடியது. கோடு போன வழியே நான்தான் சுண்ணக்கட்டியால் கிழித்துக் காட்டினேன். அவர் துணியை எடுத்துச் சக்கரத்தைத் திறந்தார். முதல் வெட்டிலேயே வளையம்.

இப்போது ஒன்று சொல்கிறேன், அவரிடம் சொல்லாதே. கட்டுப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது அந்தக் கல்லை இல்லை. என் கையைப் பிடித்திருந்த அவர் கைகளை. பத்து விரல் நுனியிலும் மெல்லிய கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. அத்தனையும் ஆறிப்போன வெட்டு. என்ன இது என்றேன். சிரித்து மழுப்பினார். விடாமல் கேட்டேன். நான் பார்த்துப் பெட்டியில் வைத்ததையெல்லாம், நான் சமையலறைக்குப் போனதும் திரும்ப எடுத்து, ஒவ்வொரு விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து, பிடித்த இடத்தை மறுபடி தேய்த்து, நான் வைத்த மாதிரியே வைத்திருக்கிறார். அவர் கைக்குத் தப்பியது அந்த ஒரு தொங்கட்டான்தான். அந்த வெட்டுகளைக் காட்டித்தானே கை போய்விட்டது என்று உனக்கு எழுதினேன்.

நான் அழுதால் தையல் பிரிந்துவிடும் என்று அதட்டினார். தையலே போடவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுதேன்.

அந்தக் கல் இப்போது சமையலறை ஜன்னலில் இருக்கிறது. நடுவில் தங்கம், சுற்றிலும் பச்சை, விளிம்பில் ஊதா. நீ எழுதியதில் சிவப்பை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. நீ வந்து காட்டு.

எந்த பஸ் என்று மட்டும் எழுது. எந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு வருகிறாய் என்று எழுதாதே. கையையும் ஆட்டாதே. சும்மா இறங்கி நில், நானே கண்டுபிடிக்கிறேன்.

உன் அண்ணி